இட்ட கை

எந்தக் காலம், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள். ராஜா ஒருவர் இருந்தார். அவருக்கு அறிவைவிட நாக்கு நீளம். ஒருநாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவர், "சட்டியில் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் புளியும் கத்தரியும் தோட்டத்தில் ஏன் தனித்தனியே நிற்கின்றன? புளியமரத்தடியிலேயே கத்தரியை நடுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

தோட்டக்காரன் ஒச்சப்பன் கும்பிட்டான். "மகராசா, புளிய நெழல்ல புல்லே சரியா வராதுங்க. கத்தரிக்கு வெயிலு வேணும். வெயில்லயே நட்டு, ஓரத்துல செண்டுப்பூ வெச்சுத் தர்றேன், புழு அண்டாது."

மந்திரி மார்த்தாண்டர் குறுக்கே விழுந்தார். ஒச்சப்பன் அரண்மனை விகடன் அம்பலக்கூத்தனின் சிநேகிதன். விகடனைக் கண்டாலே மந்திரிக்கு வயிறு எரியும். "ஒரே மண், ஒரே நீர், ஒரே எரு. அப்படியும் ஒன்று வாடினால், பிரபு, இட்ட கையில் வஞ்சகம் இருக்கிறது என்றே பொருள். இட்ட கையை வெட்டுக என்று ஆணை பிறப்பியுங்கள்."

அப்படியே ஓலை எழுதி, ராஜா முத்திரையும் வைத்துவிட்டார்.

கத்தரி என்ன செய்யும், பாவம்! வெயிலுக்கு ஏங்கி, வெளிறி, ஒரே மாதத்தில் செத்துப்போயிற்று. மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். விருந்து முடிந்ததும் ஒச்சப்பனின் வலது கையை வெட்டுவதென்று முடிவாகி, அவனைச் சிறையில் அடைத்தார்கள்.

பிறந்தநாளன்று சபையோருக்கு ராஜாவே தம் கையால் சோறு இடுவது அங்கே வழக்கம். அம்பலக்கூத்தன் எழுந்து வணங்கினான். "பிரபு, மந்திரியாரும் நம் மல்லன் இடும்பனும் இன்று ஒரே இலையில் உண்ணட்டும். ஒற்றுமையை மந்திரியாரே போற்றுகிறாரே!"

மந்திரியால் மறுக்க முடியவில்லை. ராஜா இலை நிறையச் சோறு இட்டார். மந்திரி ஒரு கவளம் உருட்டுவதற்குள் மல்லன் இலையை வழித்துவிட்டான். மறுபடி இட்டார், மறுபடியும் அதே கதைதான்.

"பிரபு, பசி உயிர் போகிறது! எல்லாவற்றையும் இந்தத் தடியனே விழுங்குகிறான்!" என்று மந்திரி அலறினார்.

"ஒரே இலை, ஒரே சோறு, ஒரே குழம்பு" என்றான் விகடன். "அப்படியும் ஒருவர் வாடினால், இட்ட கையில் வஞ்சகம். எரு இட்ட கையா, சோறு இட்ட கையா என்று ஓலையில் இல்லை. இட்ட கை என்றுதான் இருக்கிறது. வெட்டுகிறவனைக் கூப்பிடட்டுமா, பிரபு?"

ராஜா, சோறு ஒட்டியிருந்த தம் கையைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு, நல்ல வேளை, வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையைக் கிழித்துப் போட்டு, விகடனுக்குத் தங்கக் காப்பு அணிவித்தார். மந்திரிக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? வேறு இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

அம்பலக்கூத்தன் சிறைக்கு ஓடினான். "ஒச்சப்பா! கை தப்பிச்சிருச்சுடா! ராசாவே விழுந்து விழுந்து சிரிச்சுட்டாரு!"

நடந்ததை முழுக்கக் கேட்ட பிறகும் ஒச்சப்பன் முகத்தில் சிரிப்பில்லை. "சிரிச்சாரு, தப்பிச்சேன். அவருக்குச் சிரிப்பு வரலைன்னா?"

ஊரையே சிரிக்க வைத்தவன் சிறைக் கதவைத் திறக்க வைத்தான்.

பொழுது சாய்வதற்குள் ஒச்சப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த நாட்டின் எல்லையைத் தாண்டிவிட்டான்.