சேற்றோடு ஒன்பது கல்

ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருத மரத்துக்கும் கோரையன் என்ற காட்டுப்பன்றிக்கும் ஆகவே ஆகாது. மற்றப் பன்றிகள் ஏறினால் மரம் தேமே என்று கிடக்கும். கோரையன் ஒரு காலை வைத்தாலே "மடக்" என்று சத்தம் போடும்.

அந்த மரம்தான் பன்றிக் கூட்டத்துக்குப் பாலம். மழைக்காலத்தில் இந்தக் கரை வெள்ளத்தில் முங்கிவிடும். அதற்கு முன் எல்லோரும் அக்கரை மேட்டுக்குப் போய்விட வேண்டும். போன வருஷம் கோரையன் ஜம்மென்று நடந்து போனவன்தான். இந்த வருஷம் நாவல் மரம் காய்த்துக் கொட்டிவிட்டது. அவனும் மரத்தடியிலேயே படுத்து, விழுவதையெல்லாம் வாயில் வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி வெள்ளச்சி கறாராகச் சொல்லிவிட்டாள். "மரம் ஏழு கல்லுதான் தாங்கும். நீங்க ஒன்பது கல். மரம் முறிஞ்சா நானும் ஆறு பிள்ளைகளும் எப்படிப் போறது? மழைக்கு ரெண்டு மாசம் இருக்கு. இளைச்சா கூட வாங்க."

பிள்ளைகளைப் பிரிந்து, வெள்ளத்தில் தனியாக! கோரையன் வாயிலிருந்த நாவல் பழங்களைத் துப்பிவிட்டான். வாய் பெரியது என்பதால் நிறையவே துப்பினான்.

ஒன்பது கல் என்ற கணக்கு பச்சையக்கா என்ற தவளை சொன்னது. அவள் பாறைமேல் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டிருந்தாள். ஒரு முனையில் ஆள் ஏற வேண்டும். மறுமுனையில் குரங்குகள் பூசணிக்காய் அளவு கற்களை ஏற்றும். கட்டை சமமாக நின்றால் அதுதான் எடை.

கோரையன் இளைக்கப் போகிறான் என்ற செய்தி பரவியது. யோசனை சொல்லக் காடே வரிசையில் நின்றது.

"புல்லைத் தவிர எதையும் தொடாதே. என்னைப் பார்!" என்றது முயல். கோரையன் அரை நாள் புல் மேய்ந்தான். வயிறு உப்பி, ஏப்பம் காடெல்லாம் கேட்டது.

"கறி மட்டும் தின்னு" என்றது செந்நாய். கோரையன் ஓர் எலியைத் துரத்தினான். எலிதான் இளைத்தது.

"மாசத்துக்கு ஒரு வேளை சாப்பிடு. மத்த நேரம் சுருண்டு தூங்கு" என்றது மலைப்பாம்பு. தூங்குகிற பாதியைக் கோரையன் மிகச் சரியாகச் செய்தான். மற்றப் பாதி பொழுது சாய்வதற்குள் உடைந்தது.

அப்போதுதான் நல்லமுத்து வந்தான். அவன் நரி. ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாய்க்குச் சொந்தக்காரன்.

"ஏழே நாள். ஒரு கல் குறையும். குறையலேன்னா என் வாலை வெட்டிக்கோ!" என்றான். "தண்ணி ஒரு வாய்க்கு மேல ஆகாது. சேத்துப் பக்கம் போகாதே. முக்கியமா நாவல் மரத்தடிக்குப் போகவே கூடாது. அந்த வாசனையே உடம்பை ஊத வைக்கும்."

கோரையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு நாள் இருந்தான். எட்டாம் நாள் கட்டையில் ஏறினான். எட்டுக் கல்! குதித்த குதியில் குரங்கு ஒன்று கற்களோடு உருண்டது. இன்னும் ஏழு நாள் இருந்தால் போதும், பாலம் ஏறிவிடலாம்.

குஷியில் குளத்துக்கு ஓடினான். பாதிக் குளத்தைக் குடித்தான். சேற்றில் ஆசை தீரப் புரண்டான். அதே அழகோடு மறுபடி கட்டையில் ஏறினான்.

ஒன்பது கல்.

"ஐயோ அக்கா, ஒரு மணி நேரத்துல ஒரு கல் ஏறுமா?"

பச்சையக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். வெளியே கிளம்பினால் சேறு பூசிக்கொள்வது பன்றிகளுக்கு மரியாதை. நாம் சட்டை போடுகிற மாதிரி. முதல் நாளும் கோரையன் அந்த மரியாதையோடுதான் ஏறியிருந்தான்.

"நீ இழந்தது சேறும் தண்ணியும்" என்றாள். "உன் கொழுப்பு அப்படியே குத்தவெச்சு உட்கார்ந்திருக்கு. சேறில்லாம ஏறினாலும் அதுல ஒரு கல் குறையணும்."

கோரையன் கோபமாக நாவல் மரத்தடிக்குப் போனான். அங்கே நல்லமுத்து தொந்தியும் தொப்பையுமாக மல்லாந்து கிடந்தான்.

"சும்மா காவல் காக்கிறேன்" என்றான் நல்லமுத்து.

"நாக்கு ஏன் ஊதாவா இருக்கு?"

"உன்னைப் பத்தி ரொம்ப யோசிச்சேன்!"

கோரையன் முட்ட வந்த வேகத்தில் நல்லமுத்து வாலைச் சுருட்டிக்கொண்டு உருண்டான். ஓட முடியவில்லை, அதனால் உருண்டான்.

கோரையன் மறுபடி பச்சையக்காவிடம் வந்தான். "யார் சொன்னது அக்கா சரி? முயலா, செந்நாயா, பாம்பா?"

"எல்லா வழியிலயும் ஆளுங்க இளைச்சுப் பார்த்திருக்கேன். எல்லா வழியிலயும் திரும்ப ஊதியும் பார்த்திருக்கேன். குறைச்சுத் தின்னா குறையுது, விட்டா ஏறுது. உன்னால எதை விடாம செய்ய முடியும்னு எனக்கெப்படித் தெரியும்? நான் எடை போடறவ."

கோரையன் அன்று முழுவதும் யோசித்தான். அவனுக்குத் தெரிந்தது கிழங்கு தோண்டுவது. அதை விட முடியாது. சரி, பத்துக் கிழங்கு தோண்டினால் எட்டுத்தான் தின்பது. மீதி இரண்டும் பிள்ளைகளுக்கு. நாவல் பழம் ஒரு வாய் அளவு, அதுவும் நடந்து பொறுக்கி.

ஆறு பிள்ளைகளும் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். "அப்பா, ஒன்பதாவது!" என்று ஆறு குரல் ஒன்றாகக் கேட்கும். கோரையன் வாயைத் திறந்தபடியே நிற்பான். சில நாள் அழுகை வந்தது. முதல் வாரம் எடையில் ஒரு கூழாங்கல்தான் குறைந்தது. ஆனாலும் பட்டினி இல்லை, தண்ணீருக்குத் தடையில்லை. அதனால் மறுநாளும் செய்ய முடிந்தது. அதற்கு மறுநாளும்.

வெள்ளச்சி சொன்ன இரண்டு மாதம் முடிந்து வானம் கறுத்தது. கோரையன் குளித்துவிட்டு, மானத்தை விட்டு, சேறில்லாமல் கட்டையில் ஏறினான். ஏழு கல். அதற்கு மேல் ஒரே ஒரு கூழாங்கல்.

"அந்தக் கூழாங்கல்லுக்கு என்ன செய்யறது?" வெள்ளச்சி ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். நதி இரைய ஆரம்பித்துவிட்டது.

"அப்பா காதுக்குள்ள சேறு இருக்கு" என்றது கடைக்குட்டி.

ஆறு பிள்ளைகளும் ஏறி இரண்டு காதையும் குடைந்தார்கள். அவர்கள் இறங்கி, கூழாங்கல்லையும் எடுத்ததும் கட்டை சமமாக நின்றது. கூட்டம் ஒவ்வொருவராகப் பாலத்தைக் கடந்தது. கடைசியாகக் கோரையன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். மரம் "ம்" என்று முனகியது. "மடக்" என்று சொல்லவில்லை. அக்கரையில் பிள்ளைகள் அவன் மேல் விழுந்து புரண்டார்கள். அவன் வெட்கமில்லாமல் அழுதான்.

எதிர்க்கரைப் பாறையிலிருந்து நல்லமுத்துவின் குரல் கேட்டது. வளைக்குள் நுழைய முடியாமல் தொந்தி வாசலில் இடித்துக்கொண்டிருந்தது. "கோரையா! ஏழு நாள்ல இளைக்க ஏதாவது வழி இருந்தா சொல்லேன்!"

"இருக்கு!" என்று கத்தினான் கோரையன். "என் சேத்துக் குழியில முங்கிட்டு எடை போடு. அப்புறம் குளிச்சிட்டு எடை போடு!"

ஏழு நாளில் கரைவது சேறுதான். கொழுப்பு கரைய வேண்டுமானால், நாளைக்கும் செய்ய முடிகிற சின்னப் பழக்கமே வேண்டும்.