ஓமத் தண்ணியும் டேட்டாபேஸும்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கரண்டு போய் மட்டித்துறையே இருட்டில் கிடந்தது. அப்போது ஊர்ச் சாமான்களைப் பூட்டி வைக்கிற பொதுக் கிட்டங்கிக்குள்ளிருந்து கிறீச்... கிறீச்... என்று ஒரு சத்தம், யாருக்கோ பல் பிடுங்குகிற மாதிரி.

பிலோமிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் போயாக வேண்டும். கைக்குழந்தை வயிற்றுவலியில் வீறிட்டுக்கொண்டிருந்தான். ஊரில் இருந்த ஒரே ஓமத் தண்ணிப் பாட்டில் அந்தக் கிட்டங்கி அலமாரியில் இருந்தது. அவனை இடுப்பில் இடுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பேயில்லை. கிட்டங்கிக் காவல்காரர்கள்தான்: அவள் புருஷன் இஞ்ஞாசியும், அவன் கூட்டாளி தஸ்நேவிசும். தஸ்நேவிஸ் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டங்கிப் பெயர்ப்பலகை மாட்ட அடித்த ஆணியைச் சுத்தியலால் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"இப்பத்தானே அடிச்சிய அண்ணே?"

"அடிச்சேன். பாதியில கரண்டு போயிட்டுல்லா. பாதியில நின்ன வேலைய, ஆரம்பிக்கவே இல்லைங்கிற மாதிரி ஆக்கிரணும். சட்டம்."

சட்டம், திருவிழாவுக்கு வந்த ஒரு எஞ்சினீயர் சொன்னது. கம்ப்யூட்டருக்குள்ளே டேட்டாபேஸ் எப்படி ஒன்றும் தொலையாமல் காக்கிறது என்று, பாவம், பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எதைச் செய்யுமுன்னும் எழுதி வை. தொட்டதை வேலை முடிகிறவரை விடாதே. பாதியில் நின்றால் பழையபடி ஆக்கிவிடு. கம்ப்யூட்டருக்கு நல்லது கிட்டங்கிக்குக் கெட்டதா என்று இருவரும் மறுநாளே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மட்டித்துறையில் கரண்டு தினமும் போகும். அந்தப் பலகை மாசி மாதத்திலிருந்து மாட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

"ஏங்க, ஓமத் தண்ணிய எடுங்க. பிள்ளை துடிக்கான்."

இஞ்ஞாசி 'ஓமத் தண்ணி எடுக்கப் போகிறேன்' என்று சுவரில் கரியால் எழுதினான். பிறகு அலமாரிச் சாவியைக் கையிலெடுத்தான்.

"மச்சான், பாட்டிலத் தேடணும். டார்ச்சத் தா."

"சுத்தியல அலமாரியில வச்சாத்தானே என் வேலை முடியும்? நீ மொதல்ல சாவியத் தா."

"என் வேலை முடியாம சாவிய விடக்கூடாதுல்லா?"

"அதானே. டார்ச்ச நானும் விடக்கூடாது."

இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு பேருமே சரியாத்தான் செய்யுதோம்" என்றான் இஞ்ஞாசி, நிம்மதியாக.

குழந்தை மூச்சடைக்க அழுதான்.

"இப்படி மாட்டிக்கிட்டா எஞ்சினீயரு ஒரு வழி சொன்னாரே மச்சான். ஒருத்தனக் கொன்னுரணும்னு."

"யாரை?"

"கடைசியா வந்தவன."

இருவரும் யோசித்தார்கள். பிறகு மெல்ல, ரொம்ப வருத்தத்தோடு, குழந்தையைப் பார்த்தார்கள்.

பிலோமி பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு டார்ச்சைப் பிடுங்கினாள். அதாலேயே புருஷன் கையில் ஒன்று போட்டுச் சாவியையும் பறித்தாள். அலமாரி திறந்தது. ஒரு மூடி ஓமத் தண்ணி உள்ளே போனது. குழந்தை பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுக் கண்ணயர்ந்தான்.

"எழுதாமச் செஞ்சுட்டாளே!" தஸ்நேவிஸ் தலையில் கை வைத்தான்.

"அப்போ நடக்கவே இல்லைன்னு ஆக்கணும். ஏட்டி, ஓமத் தண்ணியத் திருப்பிக் குடு."

எப்படித் திருப்புவது என்று தஸ்நேவிஸ் குழந்தையின் மேல் குனிந்து பார்த்தான். குழந்தை தூக்கத்திலேயே அவன் சட்டையை நனைத்தான்.

"வந்துட்டு!"

சட்டையைக் கழற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலுக்குள் பிழிந்து, மூடி, அலமாரியில் வைத்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் இஞ்ஞாசி. "ஏட்டி, நீ வருமுன்ன நம்ம வீட்டுக் கதவு எப்படி இருந்திச்சு?"

"உள்ள தாழ் போட்டிருந்திச்சு."

"இப்போ?"

"திறந்து கிடக்கு."

"பாத்தியா மச்சான்!"

இருவரும் தெருவில் ஓடினார்கள். பிலோமி தூங்கும் பிள்ளையோடு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"ஏங்க, நாந்தான்."

உள்ளே கிசுகிசுப்பு.

"மச்சான், எதுவோ பிலோமி குரல்ல கூப்பிடுது."

"பேயாத்தான் இருக்கும். பிலோமிதான் வெளிய போகவே இல்லையே. சீக்கிரம் தாழப் போடு!"

உள்ளே தாழ்ப்பாள் டப்பென்று விழுந்தது.