அருளப்பனின் கடைசிப் பத்தி

எழுத்தாளர் திருமேனியைப் பார்க்க மாசிலாமணி மதுரைக்கு வந்தார். குருவுக்கு எண்பது, சீடருக்கு ஐம்பத்தைந்து. இருவருக்கும் வாசகர்கள் சொற்பம். கோபம் மட்டும் தாராளம்.

"எனக்கு ஆகாத அந்த வரதராசு என் பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்பியிருக்கான் சார். திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"மோசமா?"

"ஏழு தடவை படிச்சுட்டேன். குறையே கெடைக்கல. அதே இதழ்ல என் கதையும் வருது."

திருமேனி வாய்விட்டுச் சிரித்தார்.

"எழுபத்திரெண்டாம் வருஷத்துல நானும் அருளப்பனும் ஒரு பத்திரிகை நடத்தினோம். முந்நூறு பிரதி. மத்தியானம் முழுக்க அச்சகத்துல மை வாசனைக்குள்ள உக்காந்திருப்போம். அவர் கதைக்கு நான் புரூஃப் பாக்கணும், என் கதைக்கு அவர். அதுதான் வழக்கம். ஒருநாள் அவர் கதை ஒண்ணு வந்துச்சு. கடைசிப் பத்தியைப் படிச்சதும் வயிறு எரிஞ்சுது. நாம இதை எழுதலையேன்னு. அந்தப் பத்தியை எடுத்துட்டேன். கையெழுத்துத் தாளையும் கிழிச்சுப் போட்டேன்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"அப்புறமென்ன, 'முடிக்காமலே முடிச்சுட்டார், இதுதான் நவீனம்'னு எல்லாரும் கொண்டாடினாங்க. அவருக்குப் பேர் வந்ததே அந்தக் கதையாலதான்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவர் உங்களை ஒண்ணும் கேக்கலையா சார்?"

"கேக்கல. அடுத்த மாசம் புதுக் கதையோட வந்தார். 'இதையும் நீங்களே பாருங்க திருமேனி'ன்னார். கடைசிவரைக்கும் அப்படித்தான். மேடையில என் நாவலைக் கிழிகிழின்னு கிழிப்பார். மறுநாள் காலையில கதையைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பார். அவர் போய்ச் சேந்து ஒம்பது வருஷமாச்சு. இப்பல்லாம் காலையில யாரும் வர்றதில்ல."

பகையாளியை இப்படித் தேடுகிற மனிதரை மாசிலாமணி அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப அந்தப் பத்தி போனது போனதுதானா சார்?"

திருமேனி கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல், யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று தெருவோரமாக நடந்துபோகும் ஒரு குமாஸ்தா. மொத்தம் எட்டு வரி. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு சொல் விடாம சொல்றீங்களே சார்!"

"நான் பதினாலு புத்தகம் எழுதியிருக்கேன் மாசிலாமணி. அதுல ஒரு வரி சொல்லுங்கன்னா எனக்கு வராது."