வைரத்தைக் கொடுத்த முருங்கை

மரங்களும் ஆடுமாடுகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், முருங்கைதான் எல்லாவற்றிலும் கெட்டியான மரம். உள்ளே வைரம் பாய்ந்து, வெட்ட வந்த கோடரியையே மழுக்கிவிடும்.

தொட்டப்பன் என்ற குடியானவன் வீட்டுப் பின்புறத்தில் அப்படி ஒரு முருங்கை நின்றது. முதலில் கலப்பையை அதில் மாட்டினான். பிறகு வைக்கோலை ஏற்றினான். கறையானுக்குப் பயந்து அக்கம்பக்கத்தாரும் சோளத்தட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். "இது என்ன பெரிய கனம்?" என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். அவரவர் கட்டு அவரவருக்குக் கனமில்லைதான்.

அடிமரத்தில் ஒரு கீறல் விழுந்தது. அது மெல்ல மெல்ல வேரை நோக்கி இறங்கியது.

"அண்ணே, இனி ஏற்றாதீங்க. இன்னும் பிளந்தால் வேரோடு செத்துப்போவேன்" என்றது முருங்கை.

தொட்டப்பன் சிரித்தான். "உன் பலம் உனக்கே தெரியலை. என் மச்சான் குப்பணன் வந்திருக்கான். பின்னாடி இருக்கிற சோளக்காட்டுக் காவலுக்கு நாளைக்கு உன் மேலதான் பரண் போடப்போறான்."

"அவனா! அவன் ஏறினால் மாட்டுவண்டியே முனகுமே" என்றது கீழே படுத்திருந்த வெள்ளாடு.

தொட்டப்பன் மனைவி நாச்சாயி பின்வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, அதுதான் வாய்விட்டுச் சொல்லுதே. கேட்டா என்ன?"

"நீ சும்மா இரு புள்ள. மரத்துக்கு ரொம்பச் செல்லம் கொடுக்கிறே."

முருங்கை அதற்குமேல் அவனிடம் கெஞ்சவில்லை. தன்னைத் தாங்கும் மண்ணைக் கூப்பிட்டது.

"தாயே, என் வைரத்தை எடுத்துக்கொள். எனக்கு ஒடியத் தெரிய வேண்டும். கொம்பு ஒடிந்து விழுந்தால் அடிமரம் பிளக்காது."

"கொடுத்தால் திரும்பாது. கலப்பைக்கும் ஆகமாட்டாய், கதவுக்கும் ஆகமாட்டாய்" என்றது மண்.

"ஆகவேண்டாம். உயிரோடு நின்றால் போதும்."

மண் வைரத்தை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு, ஒடிந்த கொம்பும் பிழைக்கும்படி அதன் சாற்றில் உயிரை ஊற்றியது.

மறுநாள் குப்பணன் தோளில் ஒரு பூசணிக்காயோடு வந்தான்.

"குப்பணண்ணே, ஏறாதீங்க. ஏறினால் கொம்பை விட்டுவிடுவேன்."

"மாமா, உங்க மரத்துக்கு வாய் நீளம்!" என்று சொல்லிக்கொண்டே காலை வைத்தான்.

மளக்!

கொம்பும் கட்டுகளும் கலப்பையும் பூசணிக்காயும் குப்பணனும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். நல்லவேளை, அவன் வைக்கோல்மேல் விழுந்தான். ஆடு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

"இப்படி ஒடிஞ்சிட்டியே, வெட்கமா இல்லையா உனக்கு?" என்று கத்தினான் தொட்டப்பன்.

"இல்லை அண்ணே. நிற்கிறேனே."

ஆத்திரத்தோடு ஒடிந்த கொம்பை இழுத்து, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வேலியோரச் சேற்றில் எறிந்தான். கொஞ்ச நாளில் அது துளிர்த்தது. நாச்சாயி அதில் கீரை பறித்தாள். தொட்டப்பன் மறுபடி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிவரை வந்தான்; நிமிர்ந்து பார்த்தான்; கட்டோடு திரும்பிப் போனான்.

அன்று ஒடியக் கற்றதுதான். இன்றைக்கும் முருங்கையின்மேல் ஏறுவார் இல்லை. ஏறினால் ஒடியும், ஒடிந்ததை ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்க்கும்.