இரண்டு பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

"தாயி, வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

மலையிலிருந்து இறங்கி வந்த சின்னமாயன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருகிறவர்களைத்தான் ஜெயக்கொடி பார்த்திருக்கிறாள். பழுதே இல்லையென்று சொல்லச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான்.

போடிமெட்டு மலைப்பாதை தரையைத் தொடுகிற முந்தல் என்ற ஊரில் அவளுடைய பட்டறை. வயது முப்பத்திரண்டு. அவளைவிட இருபது வயது மூத்த டிரைவர்களும் அவள் முன்னால் பீடியைக் கீழே போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். எடுத்ததும் பானட்டைத் திறக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"வண்டி வந்த சத்தமே கேக்கலையேண்ணே," என்றாள்.

ஏதோ நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்து வைத்தார்.

"என்ன செய்யுது வண்டி?"

"குடிக்குது. பதினாலு வருசப் பிக்கப்பு. லிட்டருக்குப் பதிமூணு குடுத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப எட்டைத் தாண்ட மாட்டேங்குது."

"இதுவரைக்கும் என்ன பாத்தீங்க?"

"ஏர் பில்டர் மாத்தியாச்சு. டீசல் பில்டர் மாத்தியாச்சு. நாசிலைக் கழட்டிச் சோதிச்சாச்சு. எஞ்சின் தங்கமா இருக்குன்னு டவுன்ல மூணு பேர் சொல்லிட்டாங்க. அப்ப டீசல் எங்க போகுது? ஆள்தானே எடுக்கணும்?"

"எந்த ஆளு?"

"மொக்கராசு. என் பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி."

இருவரும் மாறி மாறி ஓட்டிய வண்டி அது. அரிசி மூட்டை மேலே போகும், ஏலக்காய் மூட்டை கீழே வரும். நாலு மாதத்துக்கு முன்னால், சந்தை நாளில், பத்துப் பேர் பார்க்க, 'டீசல் திருடன்' என்று சொல்லி மச்சினன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருக்கிறார் சின்னமாயன்.

"வர்ற வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. தம்பி மடியில உக்காராம எம்புள்ள காதுல ஊசி படாதுங்கிறா என் பொண்டாட்டி. பத்திரிகை அடிச்சாச்சு. தாய்மாமன்னு பேரு இருக்கு, ஆளு இல்ல. வண்டி சுத்தம்னு நீ சொன்னா அவ நம்புவா. உன் வார்த்தையைத்தான் நம்புவா."

ஜெயக்கொடி வண்டியைச் சுற்றி வந்தாள். டீசல் டேங்க் மூடியில் இரண்டு பூட்டுகள் தொங்கின. சாவிகள் இரண்டும் சின்னமாயனின் அரைஞாணில்.

"அவரு போனதுக்கு அப்புறம் மைலேஜ் ஏறுச்சாண்ணே?"

சின்னமாயன் மலையைப் பார்த்தார்.

"எறங்கிருச்சு."

"ரெண்டு பூட்டுப் போட்டுமா?"

"போட்டும்."

நானாக இருந்தால் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"மலையில எப்படிண்ணே எறக்குவீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நியூட்ரல்தான்! மேல தட்டி விட்டேன்னா பதினேழு வளைவும் பிரேக்கு மேலயே வந்துருவேன். டீசல் மிச்சம் பாரு. அவன் இருக்கானே, ரெண்டாவது கியர்லயே உறுமிக்கிட்டு எறக்குவான். சொன்னாக் கேக்க மாட்டான். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்."

ஜெயக்கொடி குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு கை அள்ளிப் பின் சக்கரத்தின் மேல் தெளித்தாள்.

தோசைக்கல்லில் விழுந்தது போலச் சுர்ரென்றது.

மறுபக்கம் போய்த் தெளித்தாள். அங்கேயும் சுர்ரென்றது.

"எறங்குனா சூடாகத்தானே தாயி செய்யும்?"

"ஆமாண்ணே. ஆறட்டும். டீ குடிங்க."

டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. சக்கரம் கை வைக்கிற அளவுக்கு ஆறியது.

"இப்பத் தள்ளுங்க."

"எதை?"

"வண்டியைத்தான்."

பட்டறைத் தரை சமதளம். வண்டியில் சுமை இல்லை. சின்னமாயன் கையால் தள்ளினார். பிறகு தோள் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முதுகைக் கொடுத்தார். வண்டி அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா?"

"எடுத்துட்டேன். நியூட்ரல்லதான் நிக்குது. உங்க நியூட்ரல்தான்."

பின் சக்கரத்தைக் கழற்றி உள்ளே காட்டினாள். பிரேக் கட்டைகள் கருகிக் கிடந்தன. அந்தக் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்கிற ஸ்பிரிங்கை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள். புதிய ஸ்பிரிங் ஒன்றை வலது கையில் வைத்தாள்.

"இழுத்து விடுங்க."

புதியது விருட்டென்று சுருங்கியது. பழையது இழுத்தது இழுத்தபடியே நின்றது. பதினேழு வளைவும் பிரேக்கிலேயே இறக்கிய சூட்டில் வெந்து அதன் வலு போயிருந்தது.

அவர் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடவில்லை. ஏற்றத்திலும் சமதளத்திலும், பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டே எஞ்சின் ஓடியிருக்கிறது. சின்னமாயன் அந்தப் பழைய ஸ்பிரிங்கை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மதியம் வரை அவள் நிமிரவில்லை. கட்டை, ஸ்பிரிங், உள்ளே கெட்டுப்போன ரப்பர் எல்லாம் மாற்றினாள். ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றால் பசி தெரியாது.

"இப்பத் தள்ளுங்க. ஒத்தைக் கை போதும்."

ஒற்றைக் கையால் தள்ளினார். வண்டி உருண்டது. பிடிக்க அவர் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. ஐம்பது வயது மனிதர், பச்சைப்பிள்ளை போலச் சிரித்தார்.

திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"டவுன்ல மூணு பட்டறை. ஒருத்தனுக்கும் தட்டுப்படல. நீ பானட்டையே திறக்கல. எப்படித் தாயி கண்டுபிடிச்ச?"

ஜெயக்கொடி கையைத் துடைத்தாள்.

"கண்டுபிடிச்சது நான் இல்லண்ணே."

"பின்ன?"

"நாலு மாசத்துக்கு முன்னாடி, ஒரு சந்தை நாளு. வண்டி இல்லாம நடந்தே வந்தாரு ஒருத்தரு. 'மாமா எறங்குனா சக்கரம் கருகுற வாடை வருதும்மா. நான் சொன்னா சண்டைக்கு வர்றாரு. என்னைக்காவது இங்க வந்தா பிரேக்கைப் பாத்து விட்டுருங்க. டீசல் போனாப் போகுது, வளைவுல அவரு போயிரக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

சின்னமாயன் அரைஞாணிலிருந்து சாவிகளை அவிழ்த்தார். டேங்க் பக்கம் போனார்.

சாவிகளை ஜெயக்கொடியிடம் நீட்டினார். பூட்டுகளை அவள்தான் திறந்தாள்.