அரசன் சாணும் டெசிமீட்டரும்

நெட்டூர் நாட்டை முன்னொரு காலத்தில் வீரகேது என்ற அரசன் ஆண்டான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அரியணையில் இருப்பவனின் சாண் எதுவோ அதுதான் நாட்டின் சாண். அரசன் மாறினால் அளவும் மாறும். வீரகேதுவின் கையோ தாமரை மொட்டுப் போலச் சின்னது. அதை அவனிடம் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒரு மீட்டர் கோலைக் காணிக்கை வைத்தான். அதில் பத்துத் துண்டுகள் கோக்கப்பட்டிருந்தன. ஒரு துண்டு ஒரு டெசிமீட்டர்.

அரசன் சிரித்தான். "துணிக்கு மீட்டர், மோதிரத்துக்குச் சென்டிமீட்டர் என்கிறாய். நடுவில் இது யாருக்கு?"

"தங்கள் சாண் இருக்க வேறு அளவு எதற்கு, அரசே! உலகத்துக்கே அதுதானே அளவு!" என்றார் அமைச்சர் பூவராகர். மதகு காக்கும் வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தரத் துடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

அந்த நேரம் பார்த்து மதகு காக்கும் பேராயி வந்து நின்றாள். "ராசா, முறைப்படி ரெண்டு சாண்தான் மதகைத் திறக்கிறேன். கடைமடைக்குத் தண்ணி எட்டல. பயிர் காயுது."

"பொய்! வேலை தெரியாதவள்!" என்றார் பூவராகர்.

அரசன் ஒரு துண்டைக் கழற்றி அவள் முன் எறிந்தான். "மூன்று நாளில் இதற்கு ஒரு வேலை கண்டுபிடி. தண்ணீர் தருகிறேன். இல்லையேல் மதகுச் சாவியைப் பூவராகரிடம் கொடு."

மூன்றாம் நாள் பேராயி ஒரு கயிற்றோடு வந்தாள்.

"இது ஒரு சாண் கயிறு. நீங்க தந்த குச்சியால ஐயாவே அளக்கட்டும்."

பூவராகர் அளந்தார். "இரண்டரைக் குச்சி."

"இப்ப ராசா சாணை அளங்க."

அரசன் கையை விரித்தான். பூவராகர் அதன்மேல் குச்சியை வைத்தார். "ஒன்றரை... அரசே, குச்சி சுருங்கிவிட்டது!"

"அப்போ கயிற்றை மறுபடி அளங்களேன்."

மறுபடியும் இரண்டரை. "கயிறு நீண்டுவிட்டது!" என்று அலறினார். அவையோர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

அரசன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "இது யார் சாண்?"

"உங்க அப்பாவோடது ராசா. மதகுக் கல்லுல வெட்டியிருக்கு, அதிலேருந்து எடுத்தேன். அவர் காலத்து ரெண்டு சாண் அஞ்சு குச்சி. இப்ப மூணு. யார் மேலயும் தப்பில்ல. கைன்னா மாறத்தான் செய்யும். ஆனா யாரு ராசான்னு இந்தக் குச்சிக்குத் தெரியாது. அதுதான் இதுக்கு வேலை."

வீரகேது வாய்விட்டுச் சிரித்தான். "மதகை ஐந்து டெசிமீட்டர் திற! இனி நாட்டுக்கு இந்தக் குச்சியே அளவு. சாவி உன்னிடமே இருக்கட்டும்."

பூவராகர் நழுவப் பார்த்தார்.

"நில்லும். உம் வீட்டு வாசல் எத்தனை சாண் உயரம்?"

"எட்டு, அரசே. தங்கள் தந்தையார் காலத்தில் கட்டியது."

"உலகத்துக்கே அளவு என்றீரே, அந்த என் சாணில் எட்டுச் சாணாக அதை மாற்றிக் கட்டும்."

அந்த வாரமே கடைமடையில் பயிர் நிமிர்ந்தது. பூவராகர் மட்டும் வீட்டுக்குள் போகும்போதெல்லாம் குனிந்தார். பின்னொரு நாள் அரசனின் அந்தச் சின்னக் கையும் மண்ணுக்குள் போயிற்று; அரியணைக்கு வேறொரு கை வந்தது. மதகில் தண்ணீர் ஒரு விரலும் குறையவில்லை.