நயினார் கேட்ட செய்தி

"செய்தி பாக்கிறதை நிறுத்த முடியலம்மா," என்றாள் பொன்மாரி.

அரசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நிறுத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. இன்னைக்கு மக வேனிலுக்கு வெறும் டிபன் பாக்ஸை மூடிக் குடுத்து அனுப்பிட்டேன். உள்ள ஒண்ணுமே வைக்கல."

"புள்ள என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்துப் பிள்ளைகிட்ட வாங்கிச் சாப்பிட்டாளாம். அவ டீச்சர்தான் போன் பண்ணிச் சொன்னாங்க."

அரசியம்மாவின் ஆசிரமம் ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த மணல்மேட்டில் இருந்தது. ஓர் ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, கொஞ்சம் கீரைப் பாத்தி. அவருக்கும் பொன்மாரிக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் தியானம் பழக வந்த நாளிலிருந்து பொன்மாரி அவரை அம்மா என்றே கூப்பிட்டாள்.

பொன்மாரியின் கணவன் நயினார் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தான். அந்தக் கப்பல் போகிற வழியில் சண்டை மூண்டிருந்தது. நடுக்கடலில் கப்பல்கள் மேல் குண்டு விழுந்தது.

அன்றிலிருந்து, இட்லி ஊற்றும்போது அடுப்படி அலமாரியில் போன் பேசிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் டிவி. மகளைக் குளிப்பாட்டும்போது ஒரு காதில் செய்தி. தூங்குகிறவளுக்குப் போர்த்திவிடும்போதும் செய்தி.

"ஒரு நாள் போனைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தேம்மா. மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கல. ஓடிப்போய் வாங்கிட்டேன்."

"ஏன்?"

பொன்மாரி ஒரு கீரைத் தண்டைக் கையில் எடுத்தாள்.

"நான் அவுக கையை விட்டுட்ட மாதிரி இருந்துச்சு."

அரசியம்மா இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப பாரு," என்றார். "பாத்ததையெல்லாம் சாயங்காலம் இங்க வந்து என்கிட்ட சொல்லு. ஒண்ணையும் விட்டுராத."

பொன்மாரி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தாள். மகள் இளவேனில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நண்டு பிடிக்க ஓடினாள்.

பொன்மாரி சொன்னாள். எந்த நாடு என்ன சொன்னது. எந்தத் துறைமுகத்தை மூடினார்கள். எண்ணெய் விலை. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் ஒரு சேனலில் சொன்னது. அதை மறுத்து வேறொருவர் அடுத்த சேனலில் சொன்னது. தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

அரசியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதுல உன் வீட்டுக்காரர் எங்க வர்றார்?"

"அவுக வரல."

"சரி. நாளைக்கு வா."

அடுத்த நாளும் அதே கேள்வி. அதே பதில். அதற்கடுத்த நாளும்.

ஒரு நாள் பொன்மாரிக்குக் கோபம் வந்தது.

"அவுக அதுல வரவே கூடாதும்மா. அவுக வரலைங்கிறதைத்தான் நான் தேடுதேன்."

"கிடைக்குதா?"

"கிடைக்குது. கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் திரும்பவும் தேடணும்."

அரசியம்மா தலையசைத்தார். இருவரும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தத் தண்ணியும் அந்தத் தண்ணியும் ஒண்ணுதானம்மா?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஏன் இவ்வளவு தூரமா இருக்கு?"



அப்போது போன் அடித்தது. நயினார்.

"பொன்னு, கரைப் பக்கம் வந்திருக்கோம். கொஞ்சம் சிக்னல் கிடைக்குது. இன்னைக்கு விட்டா சண்டை நடக்கிற பக்கத்தைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் பேச முடியும்."

"நேத்து அடிச்ச கப்பல் உங்களுக்கு எவ்வளவு தூரங்க? வழியை மாத்துவாங்கன்னு டிவில சொல்லுதாங்களே, உங்க கேப்டன் ஒண்ணும் சொல்லலையா? அந்தப் பக்கம் போகாதீங்கன்னு நேத்து ஒருத்தர்…"

"பொன்னு. அங்கதானே இருக்கேன். எனக்குத் தெரியாதா? அதை விடு."

அவன் குரல் மாறியது.

"வேனிலுக்கு விழுந்த பல்லு முளைச்சிருச்சா?"

பொன்மாரி அலைப் பக்கம் திரும்பி மகளைத் தேடினாள்.

"முன்பல்லு. போன தடவை ஓட்டைப் பல்லோட சிரிச்சாள்லா. கீழ என்ஜின் சத்தத்துல அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். முளைச்சிருச்சா?"

"இருங்க. இருங்க, அவளைக் கூப்பிடுதேன்."

போனைக் காதில் வைத்தபடியே மணலில் ஓடினாள். "வேனிலு" என்று கூப்பிட்டாள். அலை ஓரத்தில் நின்ற குழந்தை திரும்பியது. அதற்குள் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது.

திரும்ப அடித்தாள். போகவில்லை. இன்னொரு முறை அடித்தாள். போகவில்லை.

மெல்ல நடந்து வந்து அரசியம்மாவின் முன்னால் நின்றாள்.

"எனக்குத் தெரியலம்மா. தினம் நான்தான் பல்லு தேச்சு விடுதேன். எனக்குத் தெரியல."

"போய்ப் பாரு," என்றார் அரசியம்மா.

பொன்மாரி ஈரமணலில் முழங்காலிட்டாள்.

"வாயைத் திற தங்கம்."

குழந்தை மேற்கே பார்த்து வாயைத் திறந்தது. மஞ்சள் வெயில் உள்ளே விழுந்தது. சிவந்த ஈறில் ஒரு வெள்ளை முனை. குருணை அளவு. லேசாகச் சாய்ந்திருந்தது.

"எப்ப முளைச்சுது?"

"தெரியல. நாக்கு பட்டா குத்துது. அன்னைக்கே சொன்னேனேம்மா."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்னு சொன்ன."

பொன்மாரி அந்த முனையை விரலால் தொட்டாள். குத்தியது.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"இனி நான் செய்தி பாக்கணுமா, வேண்டாமாம்மா?"

"அடுத்த தடவை பேசும்போது அவர் என்ன கேப்பார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எதை வேணும்னாலும் கேப்பாக."

அரசியம்மா எழுந்து மணலைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு இங்க வர வேண்டாம். புள்ளகூட இரு."

பொன்மாரி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் மருந்துக்கடை டிவியில் அந்தச் செய்தி வந்தது. ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்துவிட்டது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை.

பொன்மாரி ஒரு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கடைக்கு வந்தவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அசைந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பெயரில்லை. கப்பல் கம்பெனிக்கு அடித்தாள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது.

வாசலில் குழந்தைகள் வந்தார்கள். கூட்டத்தில் வேனில் இடது கால் ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு வந்தாள். பொன்மாரி அவள் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற?"

"அப்பாவை நெனச்சேன்."

"எனக்கும் நெனப்பு வரும். கணக்கு டீச்சர் வரும்போது வரும்."

"அப்ப மட்டும் ஏன்?"

"அவங்களும் அப்பா மாதிரி மூக்கைச் சொறிவாங்க."

பொன்மாரி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நயினார் மூக்கைச் சொறிவது அவள் கண்முன் வந்தது. எங்கே சொறிவான், எப்போது சொறிவான் என்பதெல்லாம் வந்தது. குனிந்து மகளின் ஷூக்களைக் கழற்றி மாற்றி மாட்டிவிட்டாள். பயம் போகவில்லை. வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் வழி முழுக்க வேனில் பேசினாள், பொன்மாரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டு டிவியில் கப்பலின் பெயரைச் சொன்னார்கள். நயினாருடையது இல்லை.

அது வேறு யாரோ வீட்டு ஆள் போன கப்பல். அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேனில் ஒரு யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். ஏன் பச்சை என்று பொன்மாரி கேட்டாள். நிறையக் கீரை தின்றுவிட்டது என்றாள் குழந்தை.

அதற்குப் பிறகும் நாள்கள் போயின. அழைப்பு வரவில்லை.

ஒரு காலையில், இட்லிப் பானையில் ஆவி ஏறும் நேரத்தில் போன் அடித்தது.

"பொன்னு," என்றது அவன் குரல்.

"முளைச்சிருச்சு," என்றாள் அவள்.

அடுப்பை அணைத்துவிட்டு மேலே சொன்னாள்.

"உங்களுக்கு இருக்கிற மாதிரியே லேசாச் சாய்ஞ்சு முளைச்சிருக்கு. இவ்வளவு நாளும் 'ச' சொன்னா விசில் வந்துச்சு. முந்தாநாள்லேர்ந்து அது வரல. அது போயிருச்சேன்னு ஒரு மூச்சு அழுதா. இப்ப முட்டியில சிராய்ப்பு. மழை பெஞ்சா வாசல்ல போய் நாக்கை நீட்டிக்கிட்டு நிப்பா. கணக்கு டீச்சரைப் பாத்தா உங்க நெனப்பு வருதாம், ஏன்னு சொல்லட்டுமா?"

அவள் மூச்சு வாங்கினாள்.



"சொல்லு," என்றான் நயினார். "இன்னும் சொல்லு."